நம்பியவனின் கணக்கு

ஏமாற்றியவனைக் குற்றவாளி என்று தீர்ப்பிட நமக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை. ஏமாந்தவனைப் பற்றி என்ன சொல்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். "கண்ணை மூடிக்கொண்டு நம்பினான், இப்போது அனுபவிக்கிறான்" என்று சிலர் கைவிரிக்கிறார்கள். "பாவம், கள்ளங்கபடு அறியாதவன்" என்று வேறு சிலர் இரங்குகிறார்கள். முன்னவர் சொல்லில் இரக்கம் இல்லை. பின்னவர் சொல்லில் சிந்தனை இல்லை. பிறரை நம்புதல் நற்பண்பா, அறியாமையா? நம்பி ஏமாந்தவனுக்கு அந்த ஏமாற்றத்தில் ஏதேனும் பொறுப்பு உண்டா? இந்தக் கேள்வியை எண்ணிப் பார்க்க, நம்மில் பெரும்பாலோர் நேரில் கண்டிராத ஒரு விளையாட்டையும், அதை ஆடிய ஒரு மனிதரின் வாழ்வையும் துணைக்கு அழைக்கிறேன்.

ஐஸ் ஹாக்கி எனப்படும் பனித்தள ஹாக்கி, கனடா நாட்டு மக்களின் உயிர்மூச்சு. உறைந்த பனித்தளத்தின் மேல், காலணியில் பொருத்திய எஃகு அலகுகளால் சறுக்கிக்கொண்டே, பந்துக்குப் பதிலாக ஒரு கெட்டி ரப்பர் வில்லையைக் கோலால் அடித்து ஆடுகிறார்கள். ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பர்: இலக்குக் காவலர் ஒருவர், முன்கள வீரர் மூவர், தற்காப்பு வீரர் இருவர். தற்காப்பு வீரரின் வேலை, எதிரணியினரைத் தடுத்து நிறுத்துவதும், தம் இலக்கைக் காப்பதும், பாய்ந்து வரும் வில்லையைத் தம் உடலாலேயே மறிப்பதும் ஆகும். கோல் அடிப்பவனுக்குக் கிடைக்கும் புகழ் அவனுக்குக் கிடைப்பது அரிது. அவன் பெரும்பாலும் பின்னால் நிற்பவன்.

அந்தப் பின்னால் நிற்பவனின் இலக்கணத்தையே மாற்றி எழுதியவர் பாபி ஓர். 1948ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரில், உழைக்கும் குடும்பமொன்றில் பிறந்தவர். பதினான்காம் வயதிலேயே பாஸ்டன் புரூயின்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. பதினெட்டாம் வயதில், 1966இல், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆடத் தொடங்கினார். தற்காப்பு வீரராக இருந்துகொண்டே, வில்லையைத் தம் கோலில் ஏந்தி, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தாமே கொண்டு சென்றார். தடுப்பவனே தாக்குபவனாகவும் ஆனான். 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு முறை, சிறந்த தற்காப்பு வீரருக்குரிய நாரிஸ் நினைவுக் கோப்பை அவருக்கே வழங்கப்பட்டது. லீகில் ஒரு பருவத்தில் மிக அதிகப் புள்ளிகள் எடுத்த வீரர் என்னும் சிறப்பை 1970இலும் 1975இலும் பெற்றார். வேறெந்தத் தற்காப்பு வீரரும் அச்சிறப்பை எட்டியதில்லை.

1970ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியை இன்றும் பேசுகிறார்கள். செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் தொடங்கியது. நாற்பதே நொடிகளில் பாபி கோல் அடித்தார். அடித்த அதே கணத்தில் எதிரணி வீரர் ஒருவரின் கோல் அவர் காலை இடறிவிட, கைகள் இரண்டையும் விரித்தபடி காற்றில் பறந்தார். இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்டான்லி கோப்பை பாஸ்டனுக்கு வந்தது. பறக்கும் அந்த இளைஞனின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. 2010இல் அதே கோலத்தில் அவருக்கு பாஸ்டனில் வெண்கலச் சிலையும் எழுந்தது. அன்று அவருக்கு வயது இருபத்திரண்டு.

ஆனால் அவருடைய உடல் அவ்வளவு காலம் தாங்கவில்லை. முதற் பருவத்திலேயே முழங்காலில் அடிபட்டது. அறுவைச் சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. 1975-76 பருவத்தில் பாஸ்டனுக்காக அவரால் ஆட முடிந்தவை பத்தே ஆட்டங்கள். 1976இல் சிகாகோ அணிக்குச் சென்று, அங்கு மொத்தம் இருபத்தாறு ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். 1978இல், முப்பதாம் வயதில், களத்தைவிட்டு விலகினார். அப்போது இன்னோர் உண்மையும் அவருக்குத் தெரியவந்தது. அவ்வளவு பெரும் ஊதியம் பெற்ற அவரிடம் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. கடன்களைக் கூட்டிப் பார்த்தால் அவை சொத்துகளை விஞ்சி நின்றன.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, ஆலன் ஈகிள்சன் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொரன்டோ நகர வழக்கறிஞர். ஒண்டாரியோ சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். பாபி சிறுவனாக இருந்தபோதே அக்குடும்பத்திற்கு ஆலோசகராக வந்து சேர்ந்தார். அக்காலத்தில் அணி உரிமையாளர்கள் வைத்ததே சட்டம். வீரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க 1957இல் டெட் லிண்ட்சே என்னும் புகழ்பெற்ற வீரர் முயன்றபோது, அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டு அம்முயற்சியையே நசுக்கினார்கள். அத்தகைய சூழலில்தான் 1966இல் ஈகிள்சன் பாபிக்காகப் பேசி, அதுவரை எந்தப் புதிய வீரரும் பெற்றிராத ஊதியத்தைப் பெற்றுத் தந்தார். மறு ஆண்டே வீரர்களின் சங்கம் உருவானது. ஈகிள்சனே அதன் நிர்வாக இயக்குநர் ஆனார். வீரர்களின் கண்ணுக்கு அவர் ஒரு விடுதலையாளராகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. பாபிக்கோ அவர் உடன்பிறந்த அண்ணனைப் போன்றவர். வரவு செலவு, முதலீடு, வரி, ஒப்பந்தம் யாவற்றையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு, பாபி ஆட்டத்தை மட்டும் கவனித்தார்.

1976இல் பாஸ்டன் அணி, பாபியைத் தக்கவைத்துக்கொள்ள, அணியின் உரிமையில் சுமார் 18.5 விழுக்காட்டுப் பங்கையே தர முன்வந்தது. அச்செய்தி தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது பாபியின் கூற்று. சிகாகோவே சிறந்த வாய்ப்பு என்று சொல்லப்பட்டதால் அவர் அங்குச் சென்றார். சிகாகோ அணியின் உரிமையாளரும் ஈகிள்சனும் நெருங்கிய நண்பர்கள். பாபியிடம் செய்தியை மறைத்ததாக எழுந்த இக்குற்றச்சாட்டை ஈகிள்சன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1980இல் இருவரும் பிரிந்தனர். நீதிமன்றத்தில் ஈகிள்சன் ஒப்புக்கொண்டவை வேறு குற்றங்கள். 1998இல் பாஸ்டனிலும் டொரன்டோவிலும் அவர் மோசடிக் குற்றங்களை ஏற்றுக்கொண்டு, பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இவ்வரலாற்றில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இதுதான்: களத்தில் எவரையும் எளிதில் கடந்து செல்லவிடாத காவலர், களத்திற்கு வெளியே தம் வாசலைத் திறந்தே வைத்திருந்தார். இதை முரண்பாடு என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி எண்ணவில்லை. இரண்டு இடத்திலும் அவர் ஒரே மனிதராகவே இருந்தார். இரண்டு இடத்திலும் நம்பினார்.

பாபி வில்லையோடு முன்னே பாய்ந்தபோதெல்லாம் அவருடைய இடம் காலியானது. அதை நிரப்பி நின்றவர் அவருடைய இணைத் தற்காப்பு வீரர். டாலஸ் ஸ்மித் என்பவர் பல பருவங்கள் அப்பணியைச் செய்தார். பின்னால் ஒருவர் நிற்கிறார் என்ற நம்பிக்கை இல்லையேல் முன்னால் பாய முடியாது. நம்பிக்கை இல்லாதவன் எச்சரிக்கையாக இருப்பான். ஆனால் பெரிதாக எதையும் செய்யமாட்டான். பாபியின் ஆட்டத்தின் அழகு முழுவதும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்தது. எனவே அவரை வெறும் அப்பாவி என்று ஒதுக்குவது தவறு. அவரை உயர்த்திய பண்பே அவரை வீழ்த்தவும் வழியானது.

எனினும் களத்து நம்பிக்கைக்கும் கணக்குப் புத்தக நம்பிக்கைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. களத்தில் எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. துணை வீரர் தம் இடத்தில் நிற்கிறாரா என்பதைப் பல்லாயிரம் கண்கள் பார்க்கின்றன. நடுவர் இருக்கிறார்; கடிகாரம் இருக்கிறது. ஒரு வீரர் களத்தில் நிற்கும்போது தம் அணி கோல் அடித்தால் அவர் பெயரில் ஒன்றைக் கூட்டுவதும், எதிரணி அடித்தால் ஒன்றைக் கழிப்பதுமான ஒரு கணக்கும் அவ்விளையாட்டில் உண்டு. 1970-71 பருவத்தில் பாபியின் பெயரில் நின்ற மீதி 124. அந்த எண்ணிக்கையை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை. பனித்தளத்தில் அவர் கணக்கை இத்தனை பேர் இத்தனை நுணுக்கமாக எழுதி வைத்தார்கள். அவருடைய பணத்தின் கணக்கையோ ஒருவர் மட்டுமே எழுதினார். வேறு எவரும் அதைப் படிக்கவில்லை.

இங்கே, குருமடத்தில் பயின்ற நாள்முதல் என்னோடு தங்கிவிட்ட ஒரு படிப்பினையை நினைவுகூர்கிறேன். புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் நீதியைப் பற்றி எழுதும்போது, ஐயத்திற்கிடமான செயல்களை எவ்வாறு பொருள்கொள்வது என்று வினவுகிறார். தெளிவான அடையாளம் இல்லாதபோது அடுத்தவரைப் பற்றி நல்லதாகவே எண்ண வேண்டும் என்பது அவர் விடை. அப்படி எண்ணினால் அடிக்கடி ஏமாற நேருமே என்ற மறுப்பையும் அவரே எழுப்பிக்கொள்கிறார். தீயவன் ஒருவனை நல்லவன் என்று எண்ணிப் பலமுறை ஏமாறுவதே, நல்லவன் ஒருவனைத் தீயவன் என்று எண்ணிச் சிலமுறை தவறுவதைவிட மேலானது என்கிறார். ஏனெனில் பின்னதில் ஒரு மனிதருக்கு அநீதி இழைக்கப்படுகிறது. முன்னதில் அது இல்லை.

இதன்படி பார்த்தால் பாபியின் மனம் நேரான மனமே. தம் அண்ணனாகக் கருதியவரைப் பற்றி அவர் நல்லதாக எண்ணினார். அதற்காக அவரைப் பழிக்க எவருக்கும் உரிமை இல்லை. குற்றம் முழுவதும் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துபவனையே சேரும். ஏமாந்தவன் மீது அதில் ஒரு பங்கைச் சுமத்தும்போது, நாம் ஏமாற்றியவனின் சுமையைக் குறைத்துக் கொடுக்கிறோம்.

ஆனால் தோமா அக்குவினாஸ் அத்துடன் நிறுத்தவில்லை. அதே இடத்தில் ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறார். ஒருவரைத் தீயவர் என்று உறுதியாகத் தீர்ப்பிடுவது வேறு; தீமைக்கு மருந்து தேடும்போது, மருந்து நன்கு பலிக்கும்பொருட்டு மோசமான நிலையை முன்கூட்டியே கருதிக்கொள்வது வேறு. முன்னது விலக்கப்பட்டது, பின்னது பயன் தருவது. இரவில் கதவைத் தாழிடுகிறவன் அண்டை வீட்டுக்காரரைத் திருடன் என்று சொல்லவில்லை. இரண்டாவது கணக்கர் ஒருவரைக் கொண்டு வரவு செலவைச் சரிபார்க்கிறவன், முதற் கணக்கரைக் கள்வன் என்று பழிக்கவில்லை. மனிதரைப் பற்றி நல்லதாக எண்ணுவது அன்பின் கடமை. ஏற்பாடுகளைச் செய்யும்போது தீமையும் நேரலாம் என்று கருதிக்கொள்வது விவேகத்தின் கடமை. இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் சண்டையின்றி வாழ முடியும்.

நாம் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். கணக்குக் கேட்டால் "என்மீது சந்தேகமா?" என்று ஒரு சொல் வந்து விழுகிறது. அச்சொல்லுக்கு அஞ்சியே பல குடும்பங்களில் அண்ணன் தம்பியிடம் கேட்பதில்லை; பல சங்கங்களில் உறுப்பினர் தலைவரிடம் கேட்பதில்லை. கேளாமையை அன்பு என்று பெயரிட்டு அழைக்கிறோம். உண்மையில் அது பல வேளைகளில் கூச்சம். சில வேளைகளில் சோம்பல்.

கேட்டவர் ஒருவரும் இவ்வரலாற்றில் உண்டு. அவரும் ஒரு தற்காப்பு வீரரே. டொரன்டோ அணியில் ஆடிய கார்ல் புரூவர், ஈகிள்சனின் தொடக்க கால வாடிக்கையாளர்களில் ஒருவர். ஓய்வுபெற்ற வீரர்களின் சொற்ப ஓய்வூதியத்தைக் கண்டு, அந்நிதியில் சேர்ந்த உபரித் தொகை எங்கே போயிற்று என்று அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். தொல்லைக்காரர் என்ற பெயரையும் சுமந்தார். இறுதியில் முன்னாள் வீரர் எழுவர் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஒண்டாரியோ நீதிமன்றம் வீரர்களின் பக்கமே நீதி உள்ளதென்று தீர்ப்பளித்தது. 1994இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. முதிய வீரர்களுக்கு ஏறத்தாழ நான்கு கோடி கனடிய டாலர் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செய்தியாளர் ரஸ் கான்வே, ஈகிள்சனின் நடவடிக்கைகளைத் துருவி ஆராய்ந்து வெளியிட்டார். காயமுற்ற வீரர்களின் காப்பீட்டுத் தொகையிலிருந்து கட்டணம் பெற்றது, சங்கப் பணத்தை நண்பர்களுக்குக் கடனாகக் கொடுத்தது போன்ற செய்திகள் வெளிவந்தன.

இந்த இடத்தில்தான் நம் கேள்வியின் கடினமான பகுதி இருக்கிறது. பாபி இழந்தது தம் பணத்தை மட்டுமென்றால், அது அவருடைய சொந்தத் துயரமாகவே முடிந்திருக்கும். ஆனால் ஈகிள்சன் பெயர்பெற்றதே பாபியின் வழக்கறிஞர் என்ற முறையில்தான். லீகின் மிகச் சிறந்த வீரரே நம்புகிறார் என்றால் மற்றவர்கள் ஏன் ஐயுற வேண்டும்? கண்பார்வையோ கால் வலிமையோ இழந்து, காப்பீட்டுத் தொகை ஒன்றையே எதிர்நோக்கி நின்ற எளிய வீரர்களும் அந்த நம்பிக்கையின் நிழலில்தான் வந்து நின்றார்கள். பாபி அதை விரும்பவுமில்லை, அறியவுமில்லை. ஆயினும் பலர் நம்மைப் பார்த்து நடக்கும் நிலையில் நாம் இருக்கும்போது, நம் நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அது அவர்கள் சார்பில் நாம் இடும் பிணைக் கையெழுத்தாகிவிடுகிறது. தந்தை நம்பினால் பிள்ளைகளும் நம்புகிறார்கள். மூத்தவர் கேளாதிருந்தால் இளையவர் வாய் திறப்பதில்லை.

ஆகவே ஏமாந்தவனுக்குக் குற்றத்தில் பங்கில்லை. ஆனால் ஏமாறுமுன் அவனுக்கு ஒரு கடமை இருந்தது. அக்கடமை தன் சொத்தைக் காப்பதற்கு மட்டும் உரியதன்று. தன் பின்னால் நிற்பவர்களைக் காப்பதற்கும் உரியது. பின்னால் நிற்பவர்களைக் காப்பதுதானே தற்காப்பு வீரரின் பணி!

நம்பப்படுகிறவனுக்கும் இதில் ஒரு நன்மை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஈகிள்சன் ஒரே நேரத்தில் வீரர்களின் முகவராகவும், வீரர் சங்கத்தின் தலைமை நிர்வாகியாகவும், பன்னாட்டுப் போட்டிகளை நடத்துபவராகவும் இருந்தார். உரிமையாளர்களோடு வீரர்களுக்காகப் போராட வேண்டியவர், அவர்களுடைய நண்பராகவும் விளங்கினார். மூன்று நாற்காலிகளில் ஒருவரை அமர்த்திவிட்டு, இருபத்தைந்து ஆண்டுகளாக ஒருவரும் கணக்குக் கேட்காமல் இருந்தால், நல்லவராக வந்தவரும் நல்லவராகவே நீடிப்பது எளிதன்று. கேள்வி கேட்பது, நாம் நம்புகிறவரைச் சோதனையிலிருந்து காப்பாற்றும் ஒரு வழி. கணக்குக் கேட்கப்படுகிறவர் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் உதவியாகக் கொள்வாராயின், அவர் நம்பத் தகுந்தவர் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

பாபியைப் பற்றிய இன்னொரு செய்தியைச் சொல்லாவிட்டால் இச்சிந்தனை முழுமை பெறாது. சிகாகோ அணியிலிருந்து அவருக்குச் சம்பளக் காசோலைகள் வந்தன. முழங்கால் இடங்கொடாததால் அவரால் ஆட முடியவில்லை. 1977-78 பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. தமக்குச் சம்பளம் தரப்படுவது ஆடுவதற்காகவே, ஆடாதபோது அதைப் பெறுவது முறையன்று என்று கருதி, அவர் அக்காசோலைகளை மாற்றிக்கொள்ளவே இல்லை. சட்டப்படி அந்தப் பணம் அவருடையது. அவருக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆயினும் உழைக்காத கூலியைத் தொட அவர் மனச்சான்று இடந்தரவில்லை. தமக்குரியதைக் காக்கத் தெரியாதவர், தமக்குரியதல்ல என்று தாம் கருதியதைத் தொடவும் மறுத்தார். அவருடைய நேர்மை பிறருடைய நேர்மையைச் சார்ந்து நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏமாற்றம் மனிதரை இருவகையில் கெடுக்கிறது. முதலில் பொருளைப் பறிக்கிறது. பிறகு, "எல்லாரும் இப்படித்தான்" என்ற கசப்பை உள்ளத்தில் விதைக்கிறது. முதல் இழப்பைப் பிறர் நமக்குச் செய்கிறார்கள். இரண்டாவதை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம். பாபி அந்த இரண்டாவது இழப்புக்கு இடங்கொடுக்கவில்லை. 1998இல், ஈகிள்சன் ஹாக்கிப் புகழவையில் தொடர்ந்து உறுப்பினராக நீடித்தால் தாங்கள் அதிலிருந்து விலகிக்கொள்வதாக, கார்டி ஹோவ் முதலான வீரர்களுடன் சேர்ந்து அவரும் அறிவித்தார். ஈகிள்சன் தாமே விலகிக்கொண்டார். தீமையை மூடி மறைக்கும் மென்மையையும் பாபி மேற்கொள்ளவில்லை. மனிதரையே வெறுத்து ஒதுங்கும் கசப்பையும் வளர்த்துக்கொள்ளவில்லை. 1990களில் தாமே இளம் வீரர்களின் முகவராகப் பணியைத் தொடங்கினார். தாம் அடிபட்ட அதே இடத்தில் நின்று, தம்மைப் போல் சிற்றூர்களிலிருந்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காவலரானார்.

வாசக அன்பர்களே, நம்புவதை நிறுத்திவிட்டு எவரும் வாழ முடியாது. மருத்துவரை நம்பி மருந்தை விழுங்குகிறோம். ஓட்டுநரை நம்பிப் பேருந்தில் உறங்குகிறோம். ஐயத்தின்மேல் ஒரு வீட்டையோ ஊரையோ கட்ட இயலாது. நம் கடமை, நம்புகிற மனத்தை இழக்காமல், அந்த மனத்தோடு திறந்த கண்களையும் சேர்த்துக்கொள்வது. நாம் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, முதல் நாளிலேயே, உறவில் எந்தக் கசப்பும் தோன்றுமுன்பே, "ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் அமர்ந்து கணக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிடலாம். அப்போது அது ஐயமாகாது, வழக்கமாகிவிடும். நம்மிடம் ஒருவர் பொறுப்பை ஒப்படைக்கும்போதோ, அவர் கேட்குமுன் நாமே கணக்குப் புத்தகத்தை எடுத்து அவர்முன் விரித்து வைக்கலாம்.